"ஒன்னும் பண்ணாது சார்!"



புதுச்சேரியில் காலை நடை போகும் என் வயதுக்காரர்கள் எல்லோரும் இதைக் கேட்டிருப்பீர்கள்: "பயப்படாதீங்க சார், ஒன்னும் பண்ணாது." சொல்பவரின் கையில் சங்கிலி சுருட்டியபடி இருக்கும். நாயோ நம் வேட்டியை முகர்ந்துகொண்டிருக்கும். பிறகு எதற்கையா சங்கிலி வாங்கினீர் என்று கேட்டால், நாயென்றாலே ஆகாதவன் என்று நமக்குப் பெயர் வைத்துவிடுவார்கள்.

நான் நாய்க்கு விரோதி அல்ல. எங்கள் வீட்டிலும் பதினான்கு வருடம் ஒன்று இருந்தது. கயிறு இல்லாமல் அதை வாசல் தாண்டிக் கூட்டிப் போனதே இல்லை.

"ஒன்னும் பண்ணாது" என்பது வீட்டுக்காரர்களைப் பொறுத்தவரை உண்மைதான். ஆனால் கைத்தடி ஊன்றி வரும் கிழவரையும், குடை விரிப்பவரையும், பந்தின் பின்னால் கத்திக்கொண்டு ஓடும் குழந்தையையும் அது வீட்டில் பார்த்துப் பழகியிருக்காது. மேலும், கடித்தால்தான் ஆபத்தா? என்னோடு நடக்கும் நண்பருக்கு வயது 78. போன வருடம் ஒரு வளர்ப்பு நாய் ஆசையாக ஓடிவந்து அவர் மார்பில் இரண்டு கால்களையும் வைத்தது. ஒரு பல்கூடப் படவில்லை. மனிதர் மல்லாந்து விழுந்தார், இடுப்பெலும்பு முறிந்தது. இன்றைக்கும் வாக்கரைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள்தான் நடக்கிறார். நாய்க்குச் சொந்தக்காரர் சொன்னது: "கடிக்கவே இல்லையே சார்!"

கடித்தால் நிலைமை இன்னும் மோசம். லூயி பாஸ்தேர் 1885 ஜூலையில் ஒன்பது வயதுச் சிறுவன் ஜோசப் மெய்ஸ்தருக்கு ஊசி போட்டுக் காப்பாற்றிய கதையைப் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதிலிருந்து ஊசி இருக்கிறது. ஆனால் வெறிநோயின் அறிகுறி தெரிந்துவிட்டால் எந்த ஊசியும் உதவாது. காயத்தை 15 நிமிடம் சோப்புப் போட்டுக் கழுவி, ஆஸ்பத்திரிக்கு ஓடி, ஒரு மாத காலத்தில் நாலைந்து தடவை போய் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். அந்த அலைச்சல் கடிபட்டவருக்குத்தான்.

சட்டம் என்ன சொல்கிறது? 1804-இல் வந்த பிரெஞ்சு சிவில் சட்டத்தின் 1385-ஆம் பிரிவின்படி, ஒரு விலங்கு செய்யும் சேதத்துக்கு அதன் சொந்தக்காரரே பொறுப்பு. அது அவர் காவலில் இருந்தாலும் சரி, தப்பி ஓடியிருந்தாலும் சரி. 2016-இல் பிரிவின் எண் 1243 என்று மாறியது, பொறுப்பு மாறவில்லை. நம் நாட்டின் பாரதிய நியாய சன்ஹிதா 291-ஆம் பிரிவும் லேசானதல்ல. தன்னிடமுள்ள விலங்கால் உயிருக்கு ஆபத்தோ கொடுங்காயமோ நேரக்கூடும் என்றிருக்கும்போது அதைத் தடுக்கப் போதிய ஏற்பாடு செய்யாமல் அலட்சியமாக இருந்தாலே ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கடித்த பிறகுதான் குற்றம் என்று அதில் இல்லை.

"முதலில் தெருநாய்களைக் கேளுங்கள்" என்பார்கள். கேட்க வேண்டியதுதான். ஆனால் தெருநாய்க்குக் கயிறு பிடிக்க ஆள் இல்லை. உங்கள் நாய்க்கு நீங்கள் இருக்கிறீர்கள். தெருநாய்கள் சூழ்ந்துகொண்டால் உங்கள் செல்லத்தை இழுத்துக்கொண்டு வரவும் அந்தக் கயிறுதான் வேண்டும்.

"நாய் ஓடியாட வேண்டாமா?" என்பது நியாயமான கேள்வி. பூங்காவில் ஒரு மூலையை வேலி போட்டு ஒதுக்கித் தரும்படி நகராட்சிக்கு மனு எழுதுங்கள். எழுதத் தெரியாவிட்டால் நான் எழுதித் தருகிறேன். வாழ்நாளெல்லாம் கோப்பு எழுதிய கைதான். முதல் கையெழுத்தும் என்னுடையதே. அதுவரை நாலு முழக் கயிறு, அதன் மறுமுனை உங்கள் கையில்.

நண்பர்களே, நாமும் சங்கடப்பட்டு ஒதுங்கிப் போகிறோம். அடுத்த முறை யாராவது "ஒன்னும் பண்ணாது" என்றால், மரியாதையாகவே சொல்லுங்கள்: "சந்தோஷம் தம்பி. கயிற்றை மாட்டிக்குங்க." ஒருவர் சொன்னால் முறைப்பார்கள். தினமும் பத்துப் பேர் சொன்னால் மாட்டுவார்கள்.