சட்டப்பேரவைக்கும் அறிவியலர்கள் தேவை

காவிரிப் படுகையைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கும் மசோதா 2020 பிப்ரவரி 20 அன்று தமிழ்நாடு சட்டப்பேரவையில் அறிமுகமானது, அன்றே நிறைவேறியது. டெல்டா விவசாயிகள் ஆண்டுக்கணக்கில் போராடிக் கேட்ட பாதுகாப்பு அது. ஆனால், ஏற்கெனவே நடந்துவந்த எண்ணெய், எரிவாயுப் பணிகளை அந்தச் சட்டம் தொடவில்லை. பழைய கிணறுகளைச் சுற்றி நிலத்தடி நீர் எப்படி இருக்கிறது? கடல்நீர் எவ்வளவு தூரம் உள்ளே வந்திருக்கிறது? சில வட்டாரங்களைச் சேர்த்துச் சிலவற்றை விட்டதற்கு என்ன அடிப்படை? ஓர் உறுப்பினர் இவற்றைக் கேட்க விரும்பியிருந்தாலும், ஒரே நாளில் யாரிடம் போய்த் தெரிந்துகொண்டிருப்பார்?

மானியக் கோரிக்கை விவாதங்களிலும் இதே நிலைதான். 234 உறுப்பினர்களின் கைக்கும் வருவது அந்தந்தத் துறை அச்சடித்துத் தரும் கொள்கை விளக்கக் குறிப்பு. துறையைக் கேள்வி கேட்க வேண்டியவர்கள், துறை எழுதிக் கொடுத்ததையே நம்பியிருக்க வேண்டியிருக்கிறது. நாடாளுமன்ற உறுப்பினர்களின் நிலையும் பெரிதாக வேறில்லை. இந்தக் குறையைப் போக்க, சட்டமன்றங்களிலும் நாடாளுமன்றத்திலும் அறிவியலர்களைப் பணியமர்த்தும் புத்தாய்வுத் திட்டம் தொடங்கப்பட வேண்டும்.

இதற்கு முன்மாதிரி உண்டு. அறிவியல் வளர்ச்சிக்கான அமெரிக்கக் கழகம் 1973இல் 7 பேரை அந்நாட்டு நாடாளுமன்றத்துக்கு அனுப்பித் தன் திட்டத்தைத் தொடங்கியது. முனைவர் பட்டம் பெற்றவர்கள் உறுப்பினர்களின் அலுவலகங்களிலும் குழுக்களிலும் ஓராண்டு வேலை செய்கிறார்கள். பின்னர் அரசுத் துறைகளுக்கும் திட்டம் விரிந்தது; அரை நூற்றாண்டில் 4,000க்கும் மேற்பட்டோர் இதில் பங்கேற்றிருக்கிறார்கள். ஒரு மசோதா மீதான வாக்கெடுப்பு நெருங்கும்போது, அதில் அக்கறையுள்ள நிறுவனம் ஒரு புள்ளிவிவரத்தோடு வரும், அந்த நிறுவனத்தை எதிர்ப்பவர்கள் வேறொன்றோடு வருவார்கள். எந்த எண் எப்படி அளக்கப்பட்டது, எது விடுபட்டது என்று பார்த்து, உறுப்பினருக்குப் புரியும் மொழியில் ஒரு பக்கத்தில் எழுதித் தருவதுதான் இவர்களுடைய அன்றாட வேலை. இயற்பியலர் ரஷ் ஹோல்ட் 1980களின் தொடக்கத்தில் இப்படி ஓராண்டு பணியாற்றினார். பின்னாளில் தேர்தலில் வென்று 1999 முதல் 2015 வரை அதே நாடாளுமன்றத்தில் உறுப்பினராக இருந்தார். மாநில அளவிலும் இது நடக்கிறது. கலிஃபோர்னியா சட்டமன்றத்துக்கு அறிவியலர்களை அனுப்பும் திட்டம் 2009இல் தொடங்கியது.

இந்தியாவில் இத்தகைய முயற்சி அறவே இல்லை என்று சொல்ல முடியாது. ஒன்றிய அரசுக்கு 1999 முதல் முதன்மை அறிவியல் ஆலோசகர் அலுவலகம் இருக்கிறது. தமிழ்நாடு அரசின் முதலமைச்சர் புத்தாய்வுத் திட்டமும், அதையடுத்து வந்த பசுமைப் புத்தாய்வுத் திட்டமும் படித்த இளைஞர்களை நிர்வாகத்துக்குள் கொண்டுவந்தது பாராட்டத்தக்கது. ஆனால், இவர்கள் எல்லோரும் ஆட்சித் துறையின் பக்கம் அமர்ந்திருக்கிறார்கள். ஆட்சியைக் கண்காணிக்க வேண்டிய அவைகளின் பக்கம் நாற்காலி காலியாகவே கிடக்கிறது. மசோதாக்களை ஆய்வு செய்யும் பிஆர்எஸ் அமைப்பு 2010 முதல் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு இளம் உதவியாளர்களை அனுப்பிவருகிறது. பயனுள்ள பணிதான்; ஆனால், அது அறிவியலில் ஆழ்ந்த பயிற்சி பெற்றவர்களுக்கென அமைந்த திட்டம் அல்ல.

தேவைப்படும்போது வல்லுநர் குழு அமைத்தால் போதாதா என்று கேட்கலாம். மரபணு மாற்றக் கத்தரிக்காய் விவகாரம் இதற்குப் பதில் சொல்கிறது. 2010 பிப்ரவரியில் அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் அதன் சாகுபடியை நிறுத்திவைத்தார். பின்னர் நாட்டின் 6 அறிவியல் கழகங்களிடம் கருத்துக் கேட்கப்பட்டது. செப்டம்பரில் வந்த அறிக்கையில் சில பத்திகள், ஏற்கெனவே வெளியாகியிருந்த ஓர் ஆதரவுக் கட்டுரையிலிருந்து அப்படியே எடுக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. அமைச்சரே அதை ஏற்க மறுத்தார். கழகங்கள் திருத்திய அறிக்கை தர நேர்ந்தது. நாட்டின் தலைசிறந்த அறிவியலர்களும் வெளியே இருந்து அவசரமாகக் கருத்துச் சொல்லும்போது இப்படி நேரலாம். குழு அறிக்கையைத் தந்துவிட்டுக் கலைந்துபோகும். உள்ளே இருப்பவரோ அடுத்த கேள்விக்கும், அதற்கடுத்த கேள்விக்கும் பதில் சொல்லியாக வேண்டும். இந்தப் பொறுப்பு வேலையைத் தரமாக்கும்.

மக்கள் தேர்ந்தெடுத்தவர்களின் இடத்தை நிபுணர்கள் பிடித்துக்கொள்வார்கள் என்ற அச்சமும் நியாயமானது. ஆகவே, எல்லை தெளிவாக இருக்க வேண்டும். ஓர் ஆலைக் கழிவில் என்ன கலந்திருக்கிறது என்று அறிவியலர் சொல்லலாம். அந்த ஆலையை நம்பியிருக்கும் குடும்பங்களுக்கும், அந்தத் தண்ணீரைக் குடிக்கும் ஊருக்கும் இடையே எது நியாயம் என்று தீர்மானிக்க வேண்டியவர் வாக்கு வாங்கி வந்தவர்தான். முடிவு அவருடையது, உண்மை தெரிந்து முடிவெடுக்க அவருக்குத் துணை வேண்டும்.

துணை இருந்தாலும் அவகாசம் வேண்டும். 17ஆவது மக்களவையில் ஏறத்தாழ 16% மசோதாக்களே குழுக்களின் ஆய்வுக்குச் சென்றன. நாட்டின் ஆராய்ச்சி நிதியையே மாற்றியமைக்கும் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை மசோதா 2023 ஆகஸ்ட் 4 அன்று அறிமுகமாகி, 9ஆம் தேதிக்குள் இரு அவைகளிலும் நிறைவேறியது. அறிவியலைப் பற்றிய சட்டத்துக்கே அறிவியலர்களைக் கேட்க நேரமில்லை என்றால், சுரங்கத்துக்கும் மருந்துக்கும் எங்கே நேரம் கிடைக்கும்? மசோதாக்களைக் குழுவுக்கு அனுப்புவது வழக்கமாக வேண்டும்.

தமிழ்நாடு இதில் முன்னோடியாகலாம். பேரவையின் பொதுக் கணக்குக் குழு, மதிப்பீட்டுக் குழு, பொது நிறுவனங்கள் குழு ஆகியவற்றில் முதற்கட்டமாகப் பத்துப் பேரை அமர்த்துவது பெரிய செலவல்ல. அவர்களின் ஊதியத்தைப் பேரவைச் செயலகமே தர வேண்டும். எந்த நிறுவனத்தின் பணமும் கலக்கக் கூடாது. சொத்து, பங்கு, முந்தைய ஆலோசனைப் பணிகள் எல்லாம் வெளிப்படையாக அறிவிக்கப்பட வேண்டும். ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி என்ற வேறுபாடின்றி எல்லா உறுப்பினர்களுக்கும் அவர்கள் உதவ வேண்டும். கோவை வேளாண் பல்கலைக்கழகம், கால்நடை, மீன்வளப் பல்கலைக்கழகங்கள், மாவட்டக் கல்லூரிகள் ஆகியவற்றிலிருந்தும் ஆட்கள் வர வேண்டும். ஓராண்டு முடிந்ததும் பணியிழப்பு இல்லாமல் ஆய்வகத்துக்குத் திரும்ப உறுதி தரப்பட வேண்டும். எழுதும் குறிப்புகள் தமிழில் இருக்க வேண்டும். விவாதம் முடிந்ததும் மக்களின் பார்வைக்கும் வர வேண்டும்.

அடுத்த நிதிநிலை அறிக்கையிலேயே இதற்கு நிதி ஒதுக்கலாம். பேரவைத் தலைவரும் எல்லாக் கட்சிகளின் சட்டமன்றக் குழுத் தலைவர்களும் கூடிப் பேசி, இதை உடனே தொடங்க வேண்டும்.