திரையில் இல்லாத மஞ்சள்



இந்த இதழ் அட்டையில் இருக்கும் சாமந்தி மூன்று நாள் எங்களைப் படுத்தி எடுத்துவிட்டது. கணினித் திரையில் கண்ணைப் பறித்த மஞ்சள், அச்சகத்திலிருந்து புரூஃபாக வந்தபோது வாடியிருந்தது. மை சரியில்லை என்று நான் சொல்ல, திரையை நம்பாதீர்கள் என்று அச்சகத்தார் சொல்ல, நடுவில் மாட்டிக்கொண்டவர் எங்கள் வடிவமைப்பாளர். அவர் பேசவில்லை. கைப்பேசியில் அதே படத்தைத் திறந்து, விரல் நுனியால் தண்ணீர் தொட்டு, பூவின் மேல் பொட்டு வைப்பதுபோல் ஒரு சின்னத் துளி வைத்தார்.

“பாருங்க சார்.”

துளிக்குள் பொடிப்பொடியாகச் சிவப்பும் பச்சையும். நீலம் ஏறக்குறைய அணைந்து கிடந்தது. மஞ்சள் மருந்துக்கும் இல்லை!

வானவில்லின் மஞ்சள், சுமார் 580 நானோமீட்டர் அலைநீளம் கொண்ட ஒளி. திரையில் அது கிடையாது. ஆனாலும் கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. நம் விழித்திரையில் சுமார் 60 லட்சம் கூம்பு செல்கள் இருக்கின்றன, வகை மூன்றுதான். எந்த அலைநீளம் வந்தது என்று எந்த செல்லும் சொல்லாது. எவ்வளவு தூண்டப்பட்டேன் என்று மட்டும் சொல்லும். அசல் மஞ்சள் ஒளி, மூன்றில் இரண்டு வகைகளைத் தூண்டுகிறது. சிவப்பும் பச்சையும் சரியான அளவில் சேர்ந்து வந்தாலும் அதே இரண்டும் அதே அளவுக்குத் தூண்டப்படும். மூளைக்குப் போய்ச் சேரும் கணக்கு ஒன்றுதான் என்றால், அது வேறு என்ன சொல்லும்?

காது இப்படி ஏமாறுவதில்லை. ஸட்ஜமும் பஞ்சமமும் சேர்ந்து ஒலித்தால் பழகிய காது இரண்டையும் பிரித்துச் சொல்லிவிடும். நடுவில் ஒரு மத்யமத்தைக் கேட்காது. இந்த விஷயத்தில் கண் கொஞ்சம் வெகுளி.

அந்த வெகுளித்தனத்தின் மேல்தான் தொலைக்காட்சி முதல் கைப்பேசி வரை நிற்கின்றன. கண்ணுக்குள் மூன்று வகை உணர்விகள் இருக்கவேண்டும் என்று விஞ்ஞானி தாமஸ் யங் 1802-லேயே ஊகித்தார். 1861-இல் லண்டனில் இயற்பியலாளர் மாக்ஸ்வெல், ஒரு கட்டம் போட்ட ரிப்பனைச் சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகள் வழியாக எடுத்த படங்களை அதே நிற ஒளிகளால் ஒன்றன்மேல் ஒன்றாகத் திரையில் விழச் செய்து, வண்ணப்படம் காட்டினார். திருச்சியில் பிறந்த சர் சி.வி. ராமனுக்கு மட்டும் இந்த ‘மூன்று’ கடைசிவரை ஒப்பவில்லை. பார்வை பற்றி 1968-இல் ஒரு நூலே எழுதி எதிர்த்தார். ஆனால் 1964-லேயே கூம்பு செல்களை ஒவ்வொன்றாக அளந்து பார்த்து, மூன்று வகை என்பதை உறுதி செய்திருந்தார்கள். மேதைக்கும் சறுக்கும்.

சரி, எங்கள் சாமந்தி ஏன் வாடியது? திரை தானே ஒளி தருகிறது. மஞ்சள் மையோ, தன் மேல் விழும் வெள்ளை ஒளியில் நீலத்தை விழுங்கிவிட்டு, மிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது. விழுந்ததைவிட அதிகமாகக் காகிதம் எப்படித் தரும்? அச்சகத்தார் சொன்னதே சரி. தொலைபேசியில் அவர்களிடம் மன்னிப்பும் கேட்டுவிட்டேன்.

உங்களுக்கு ஒரு வேண்டுகோள். இப்போது வரும் வெள்ளை எல்இடி விளக்குகள் பெரும்பாலும், நீல ஒளியில் மஞ்சள் கலந்து செய்த வெள்ளை. அவற்றின் கீழே வைத்து எங்கள் அட்டைக்கு மதிப்பெண் போடாதீர்கள். பட்டுப்புடவையைக் கடை வாசலுக்கு எடுத்துப்போய்ப் பார்ப்பீர்கள் அல்லவா? அதுபோல ஒருமுறை வெயிலில் பிடித்துப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்