முப்பது எழுத்துக்குள் ஒரு கச்சேரி

1996இல் எரிக் கெம்ப் என்ற நிரலாளர் எம்பி3 கோப்பின் கடைக்கோடியில் 128 பைட் இடத்தை ஒதுக்கினார். பாட்டின் பெயருக்கு 30 பைட், கலைஞருக்கு 30, ஆல்பத்துக்கு 30, ஆண்டுக்கு 4, குறிப்புக்கு 30, இசை வகைக்கு ஒன்றே ஒன்று. மீதி மூன்றும் ‘விவரம் இங்கே தொடங்குகிறது’ என்று காட்டும் அடையாளத்துக்கு. அதுவரை எம்பி3 கோப்புக்குள் ஒலி இருந்ததே தவிர, பாடியது யார் என்ற விவரத்துக்கு இடமில்லை. ஐடி3 என்ற இந்த ஏற்பாடு அந்தக் குறையைப் போக்கியது. வின்ஆம்ப் போன்ற மென்பொருள்கள் அதை ஏற்றுக்கொள்ள, உலகம் முழுவதும் அதுவே வழக்கமாகிவிட்டது.

இசை வகைக்கான அந்த ஒற்றை பைட்டில் எழுதப்படும் எண், முன்கூட்டியே வகுத்த 80 வகைகளில் ஒன்றைக் குறிக்கும். 0 என்றால் ப்ளூஸ், 6 கிரஞ்ச், 8 ஜாஸ், 54 யூரோடான்ஸ். சில ஆண்டுகளே கொடிகட்டிப் பறந்த கிரஞ்சுக்கு இடம் கிடைத்த பட்டியலில் கர்நாடக இசை இல்லை, இந்துஸ்தானியும் இல்லை. 48ஆம் எண்ணில் ‘எத்னிக்’ என்று ஒன்று உண்டு. செம்மங்குடியானாலும் பிஸ்மில்லா கானானாலும் அங்கேதான் ஒதுங்க வேண்டும். ‘வாதாபி கணபதிம்’ பதிவு ஒன்றை எடுத்துக்கொள்வோம். இயற்றியவர் முத்துசுவாமி தீட்சிதர், ராகம் ஹம்சத்வனி, தாளம் ஆதி. பாடுபவர், வயலின், மிருதங்கம் என்று மேடையில் குறைந்தது மூன்று பேர். கெம்பின் படிவத்தில் கலைஞருக்கு இருப்பதோ ஒரே கட்டம். தமிழில் எழுதி வைக்கலாம் என்றால் அதற்கும் வழியில்லை. இன்றைய யுடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீடும் மூன்று பைட் பிடிக்கும். ‘திருவாரூர்’ என்று எழுதி முடிக்கும்போதே முப்பதும் தீர்ந்துவிடும்.

கெம்பைக் குறை சொல்ல இதில் எதுவும் இல்லை. கண்ணுக்கு முன்னால் இருந்த தேவைக்கு அவர் விடை கண்டார். 1998இல் வந்த இரண்டாம் பதிப்பில் இசையமைப்பாளருக்கும் பாடலாசிரியருக்கும் தனித்தனி இடம் கிடைத்தது. ஆனால் ‘பாட்டு, கலைஞர், ஆல்பம்’ என்ற மூன்று கட்டங்கள் அதற்குள் நிரலாளர்களின் கைப்பழக்கமாகிவிட்டன. இன்று கைபேசியில் எந்த இசைச் செயலியைத் திறந்தாலும் முதலில் கண்ணில் படுவது அந்த மூன்றுதான். பயனர் அனுபவம் என்றால் பொத்தானின் நிறம், திரையின் அழகு என்று நினைக்கிறவர்கள் மென்பொருள் துறையிலேயே நிறையப் பேர் உண்டு. இசையைப் பொறுத்தவரை அந்த அனுபவம் திரைக்கு வருவதற்கு வெகு முன்பே, எந்த விவரத்துக்குக் கட்டம் போடுவது என்று யாரோ முடிவெடுக்கும் இடத்திலேயே தீர்மானமாகிவிடுகிறது.

‘ட்ராக்’ என்ற அலகும் அப்படி எடுத்த முடிவுதான். எம்பி3 முறை ஒலியை 1,152 மாதிரிகள் கொண்ட துண்டுகளாக வெட்டுகிறது. சிடி தரத்தில் ஒரு துண்டு சுமார் 26 மில்லிவிநாடி. பாட்டு முடியும் இடத்தில் கடைசித் துண்டு நிறையாவிட்டால் மௌனத்தைப் போட்டு நிரப்புகிறது. தொடக்கத்திலும் கொஞ்சம் மௌனம் சேர்ந்துகொள்கிறது. மூன்று நிமிடப் பாட்டு முடிந்து இன்னொன்று தொடங்கும்போது இது யாருக்கும் தெரியாது. பிங்க் ஃப்ளாய்டின் ‘த டார்க் சைட் ஆஃப் த மூன்’ (1973) போல ஒரு பாட்டு அடுத்ததற்குள் கரைந்து ஓடும் ஆல்பத்தில், அந்த இடைவெளி பளிச்சென்று கேட்கும். ராகம், தானம், பல்லவி என்று தனித்தனி ட்ராக்காக வெட்டிய கச்சேரிப் பதிவிலும் அதே விக்கல். கூட்டிய மௌனம் எவ்வளவு என்பதைக் கோப்பிலேயே எழுதிவைக்கும் வழியை லேம் என்ற இலவச மென்பொருள் காட்டியிருந்தது. ஆனாலும் 2001 அக்டோபரில் அறிமுகமான ஐபாடுக்கு இடைவெளியின்றி இசைக்கும் வசதி 2006 செப்டம்பரில்தான் வந்தது.

தொழில்நுட்பத் திறமைக்குப் பஞ்சம் என்று இதற்குக் காரணம் சொல்ல முடியாது. ஸ்பாட்டிஃபை பொறியாளர்கள் 2010இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையின்படி, பொத்தானை அழுத்தியதிலிருந்து ஒலி வரும்வரை ஆகும் நேரத்தின் இடைநிலை அளவு 265 மில்லிவிநாடி. அன்றைய இணைய இணைப்புகளை வைத்துப் பார்த்தால் அபாரமான சாதனை. வேகத்தில் காட்டிய அந்த அக்கறை இசையின் அமைப்பின் மீது விழவில்லை என்பதே வருத்தம்.

ஷஃபிள் கதையில் காது ஓரளவு ஜெயித்தது. சீட்டுக்கட்டைக் கலைப்பதுபோல ஒழுங்காகக் கலைத்துக் கொடுத்தபோது, ஒரே பாடகரின் பாட்டு அடுத்தடுத்து வருகிறதே என்று பயனர்கள் புகார் சொன்னார்கள். கணக்கில் பிழையில்லை, தற்செயலில் அப்படியும் வரும். 2014இல் ஸ்பாட்டிஃபை தன் கணக்கை மாற்றி, ஒருவருடைய பாட்டுகளைப் பட்டியல் முழுவதும் ஏறக்குறைய சமமாகப் பரப்பியது. கேட்பவருக்கு எப்படித் தோன்றுகிறதோ அதுதான் விடை என்று ஒரு நிறுவனம் ஒப்புக்கொண்ட நல்ல தருணம் அது. 2021 நவம்பரில் அடெல் தன் ‘30’ ஆல்பத்தை வெளியிட்டபோது இன்னொன்றும் நடந்தது. வரிசையாகக் கேட்கத்தான் பாட்டுகளை அடுக்குகிறோம் என்று அவர் எடுத்துச் சொன்னதும், கட்டணச் சந்தாதாரர்களுக்கான ஆல்பம் பக்கத்தில் ஷஃபிள் முன்னால் நிற்பதை ஸ்பாட்டிஃபை நிறுத்தியது. அடெல் கேட்டால் நடக்கிறது. மற்றவர்களுக்காகக் கேட்பது யார்?

மேற்கத்திய செவ்வியல் இசைக்குக் கேட்க ஆள் இருந்தது. ஒரே சிம்ஃபனியை நூறு இசைக்குழுக்கள் வாசித்திருக்கும். ‘கலைஞர்’ என்ற ஒற்றைக் கட்டத்தில் இயற்றியவரைப் போடுவதா, நடத்துநரைப் போடுவதா என்று அந்த ரசிகர்களும் தவித்தார்கள். ப்ரைம்ஃபோனிக் என்ற நிறுவனம் அதற்கென்றே ஒரு சேவையை நடத்தியது. 2021இல் ஆப்பிள் அதை வாங்கி, 2023 மார்ச்சில் ஆப்பிள் மியூசிக் கிளாசிகல் என்ற தனிச் செயலியாகக் கொண்டுவந்தது. அதில் இயற்றியவர், படைப்பு, அதன் வரிசை எண், நடத்துநர் என்று எப்படி வேண்டுமானாலும் தேடலாம். தரவைச் சீர்படுத்தினால் கேட்கும் அனுபவமே மாறும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

கர்நாடக இசை ரசிகர் ஒருவர் பொதுவான செயலியில் ‘தோடி’ என்று தேடிப் பார்க்கட்டும். கர்நாடகத் தோடியும் இந்துஸ்தானித் தோடியும் பெயரில்தான் ஒன்று. ஸ்வரங்களைப் பார்த்தால் நம் தோடிக்கு அங்கே பக்கத்தில் நிற்பது பைரவி; அங்குள்ள தோடிக்கு இங்கே நெருக்கமானது சுபபந்துவராளி. ராகத்துக்குத் தனிக் கட்டம் இல்லாத செயலிக்கு இரண்டும் ஒரே எழுத்துக் கோவை. ஆங்கிலத்தில் ஒருவர் எச் போட்டும் இன்னொருவர் போடாமலும் எழுதிவிட்டால், நல்ல பதிவு தேடலில் அகப்படாமலே போகும். இன்னொரு பக்கம், முப்பது விநாடி ஓடினால் ஒரு கேட்பு என்பது ஸ்பாட்டிஃபையின் கணக்கு. நாற்பது நிமிடப் பல்லவியும் இரண்டரை நிமிடச் சினிமாப் பாட்டும் அந்தக் கணக்கில் சமம். நீளமாகப் பாடுகிறவருக்கு இதில் நியாயம் கிடையாது.

ராகத்துக்கும் தாளத்துக்கும் தனிக் கட்டம் போடுவது ஆகாத காரியமல்ல. பார்சிலோனாவின் பொம்பேவ் ஃபாப்ரா பல்கலைக்கழகத்தில் சேவியர் செரா தலைமையில் 2011இல் தொடங்கிய காம்ப்மியூசிக் ஆய்வுத் திட்டம், சென்னை ஐஐடியையும் சேர்த்துக்கொண்டு கர்நாடக இசைப் பதிவுகளை ராகம், தாளம், உருப்படி, பக்கவாத்தியம் என்று வகைப்படுத்திக் காட்டியது. விவரங்களை மியூசிக்பிரெய்ன்ஸ் என்ற திறந்த தரவுத்தளத்தில் சேர்த்தார்கள். அங்கே ஓர் உருப்படிக்கு ராகத்தையும் தாளத்தையும் தனித்தனியே குறிக்க முடிகிறது. ஐரோப்பிய ஆய்வு நிதியில் செய்து காட்டிய வேலை இது. இங்கே சந்தா வசூலிக்கும் எந்தச் செயலியும் அதைக் கையிலெடுக்கத் தடையில்லை.

மியூசிக்பிரெய்ன்ஸ் பிறந்த கதையும் கவனிக்க வேண்டியது. தொண்ணூறுகளில் டி கான், ஸ்டீவ் ஷெர்ஃப் இருவரும் நடத்திய சிடிடிபி தரவுத்தளத்துக்குச் சிடி விவரங்களைத் தட்டிக் கொடுத்தவர்கள் சாதாரணப் பயனர்கள். பிறகு அது வணிக நிறுவனமாகி, கிரேஸ்நோட் என்று பெயர் மாறி, 2008இல் 26 கோடி டாலருக்குச் சோனியிடம் போனது. ஊர் கூடித் தொகுத்த தரவு வணிகமாகிப் பூட்டுக்குள் போன கோபத்தில், சோனி வாங்குவதற்கு முன்பே எழுந்த முயற்சிகளில் ஒன்றுதான் மியூசிக்பிரெய்ன்ஸ்.

தமிழ்த் திரைப்பாட்டின் நிலைமையையும் சொல்லியாக வேண்டும். இலங்கை வானொலி அறிவிப்பாளர்கள் படம், பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர் என்று பெயர்களைச் சொல்லிப் பாட்டை ஒலிக்கவிட்ட காலத்தில், கண்ணதாசன் வரியா வாலி வரியா என்று வீட்டில் வாதாடினார்கள். இன்றைய செயலியில் இசையமைப்பாளரும் பாடகரும் முன்னால் நிற்க, பாடலாசிரியர் ஏதோ ஒரு மெனுவுக்கு அடியில் கிடக்கிறார். பல பாட்டுகளுக்கு அங்கேயும் இல்லை. 2012இல் திருத்தப்பட்ட இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், படத்துக்குப் பாட்டை எழுதிக் கொடுத்த பிறகும் பாடலாசிரியருக்கு ராயல்டியில் விட்டுக்கொடுக்க முடியாத பங்கைத் தந்திருக்கிறது. அந்தப் பங்கு உரியவரிடம் போய்ச் சேர, அவர் பெயர் தரவில் இருந்தாக வேண்டும். இசை நிறுவனங்கள் பாட்டைப் பதிவேற்றும் படிவத்தில் பாடலாசிரியர் பெயர் கட்டாயக் கட்டமாகட்டும். அது காலியாக இருந்தால் பாட்டு ஏறாதபடி நிரல் எழுத ஒருநாள் வேலைகூடத் தேவைப்படாது.