வயசு இருபது, வரி முழுசு

பழைய கார் விற்பனை விளம்பரங்களைப் புரட்டுகிறவர்களுக்கு இந்தப் படம் பழக்கமானதுதான். சிவப்பு நிறத்தில் ஒரு ஃபெராரி 360 மொடேனா. தயாரிப்பு 2003. பக்கத்திலேயே மஞ்சள் நிற லம்போர்கினி கல்லார்டோ. விலையைப் பார்த்தால், புது ஜெர்மன் எஸ்யூவி ஒன்றை வாங்கும் காசுதான். அவ்வளவுதானா என்று தோன்றும். அங்கேதான் மனசு கணக்குப் போட ஆரம்பிக்கும். எட்டாம் வகுப்பில் அறைச் சுவரில் ஒட்டிய போஸ்டர் நினைவுக்கு வரும்.

எனக்கும் வந்தது. அதனால் இந்த வாரம் அந்தக் கணக்கை முழுசாகப் போட்டுப் பார்த்துவிடலாம்.

முதலில் ஒரு விஷயம். காருக்கு வயசானால் அதன் விலை இறங்கும். ஆனால் அதற்கு ஆகும் செலவு இறங்காது. உதிரிப் பாகம் விற்பவருக்கு நீங்கள் அந்தக் காரைப் பாதி விலைக்கு வாங்கினீர்களா, கால் விலைக்கு வாங்கினீர்களா என்பது தெரியாது. தெரிந்தாலும் கவலை இல்லை. பில் எப்போதும் புதுக் காரின் அந்தஸ்துக்குத்தான் வரும்.

நம் ஊர் சாலை வரியும் அப்படித்தான். தீபகற்ப மலேசியாவில் தனியார் பெயரில் உள்ள பெட்ரோல் காருக்கு வரி இன்ஜினின் சிசியைப் பார்த்து. வயசைப் பார்த்து அல்ல. 3,000 சிசியைத் தாண்டினால் அடிப்படை 2,130 வெள்ளி. அதற்கு மேல் ஒவ்வொரு சிசிக்கும் 4 வெள்ளி 50 காசு. ஃபெராரி 360-க்கு 3,586 சிசி. ஆக, வருஷத்துக்கு 4,767 வெள்ளி. முதல் தலைமுறை கல்லார்டோ 4,961 சிசி. அதற்கு 10,954 வெள்ளி 50 காசு. முர்சியேலாகோவின் 6.2 லிட்டர் இன்ஜினுக்கு 16,494 வெள்ளி. 1.5 மைவிக்கு நாம் கட்டுவது 90 வெள்ளி. ஒரு முர்சியேலாகோவின் ஒரு வருஷ வரியில் அந்த மைவியை 183 வருஷம் ஓட்டலாம். பேரன், கொள்ளுப்பேரன் எல்லாரும் ஓட்டிவிடலாம்.

சரி, இங்கிலாந்திலும் ஜப்பானிலும் இன்னும் மலிவாகக் கிடைக்கிறதே, அங்கிருந்து இறக்கிவிட்டால் என்ன என்று சிலர் கேட்கிறார்கள். யூடியூப் பார்த்து வரும் கேள்வி இது. வழக்கமான ஏபி அனுமதியில் வரும் 'ரிகோன்' கார்களுக்கு ஐந்து வயசுதான் எல்லை. இருபது வயசுக் காரை அந்த வழியில் கொண்டுவர முடியாது. ஆகவே இங்கே விற்பனைக்கு நிற்கும் பழைய ஃபெராரி பெரும்பாலும் ஒரு காலத்தில் புதுசாகவோ, இரண்டு மூன்று வயசிலோ வந்து இறங்கியது. இறக்குமதி வரி, கலால் வரி, விற்பனை வரி என்று எல்லாவற்றையும் அன்றைக்கே சுமந்தது. கலால் வரி மட்டுமே 105 விழுக்காடு வரை போகும். அந்த வரியின் மிச்சம் இன்றைய விலைக்குள்ளும் ஒளிந்திருக்கிறது.

வரித் தலைவலி சச்சினையே விடவில்லை. 2002-இல் அவர் டெஸ்ட்டில் 29 சதம் அடித்து பிராட்மேனைச் சமன் செய்தபோது, ஃபியட் நிறுவனம் ஒரு ஃபெராரி 360 மொடேனாவைப் பரிசாகக் கொடுத்தது. சில்வர்ஸ்டோனில் வைத்துச் சாவியைக் கொடுத்தவர் மைக்கேல் ஷூமாக்கர். அந்தக் காரை இந்தியாவுக்குக் கொண்டுவர 1.13 கோடி ரூபாய் சுங்க வரி. அரசாங்கம் விலக்கு கொடுத்ததும் நாடே இரண்டு பட்டது. விவகாரம் நீதிமன்றம் வரை போனது. கடைசியில் ஃபியட்டே வரியைக் கட்டியது. 2011-இல் சச்சின் அதை சூரத்தைச் சேர்ந்த தொழிலதிபர் ஒருவருக்கு விற்றார். இவ்வளவு பேர் பார்த்துப் பெருமூச்சு விட்ட காரும் ஒரு நாள் 'செகண்ட் ஹேண்ட்' ஆகத்தான் செய்தது. அடுத்த ஆண்டு அதை வைத்து ஓர் இந்திப் படமும் வந்தது, அது தனிக் கதை.

இதையெல்லாம் நான் தேட ஆரம்பித்ததற்குக் காரணம் ஒரு தம்பி. கிள்ளானில் இருக்கிறான், பொறியியலாளர், வயசு 32. என் நிகழ்ச்சியின் நேயராக அறிமுகமாகி, இப்போது அண்ணே என்று உரிமையோடு அழைக்கும் அளவுக்கு வந்துவிட்டான். அவன் அப்பா மஸ்ஜித் இந்தியாவில் ஒரு சேலைக் கடையில் 27 வருஷம் வேலை பார்த்தவர். தீபாவளிக்கு முந்தைய கூட்டத்தில் அந்தத் தெருவில் நடந்தவர்களுக்குத் தெரியும், காலையிலிருந்து இரவு வரை நின்றுகொண்டே சேலை விரித்துக் காட்டுவது எப்படிப்பட்ட வேலை என்று. அந்தத் தெருவிலேயே ஒரு சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து தம்பி தன் திட்டத்தைச் சொன்னான்.

"அண்ணே, வீட்டுக்கு முன்பணம்னு சேர்த்து வெச்சிருக்கேன். அத டவுன் பேமண்டாப் போட்டா 360 வந்துரும். மாசத் தவணை என் சம்பளத்துல சமாளிச்சிரலாம்."

"அப்பாகிட்டச் சொன்னியா?"

"வாங்கி வாசல்ல நிறுத்திட்டுச் சொல்லலாம்னு இருக்கேன் அண்ணே."

தோசை ஆறிப்போனது. நானும் உடனே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆசையை மட்டம் தட்டிப் பேசுவது சுலபம். 27 வருஷம் நின்று வேலை பார்த்தவரின் பிள்ளைக்கு அழகான ஒரு பொருள் மேல் ஆசை வரக் கூடாது என்று சொல்ல நான் யார்? ஆனால் மாசத் தவணையில் கணக்கு முடிந்துவிடுகிறது என்று அவன் நினைத்தது எனக்கு உதைத்தது. முதலாவதாக, இருபது வயசுக் காருக்குக் கடன் கொடுக்க வங்கிகள் தயங்கும். கொடுத்தாலும் தவணைக் காலம் சுருங்கும். இரண்டாவது, தவணை அந்தக் காரை வீட்டுக்குக் கொண்டுவரத்தான். ஓட்டுவதற்குத் தனிக் காசு.

360-இன் இன்ஜினில் டைமிங் பெல்ட் இருக்கிறது. ரப்பர் பெல்ட். கார் ஓடினாலும் ஓடாவிட்டாலும் சில வருஷங்களுக்கு ஒரு முறை மாற்றியே ஆக வேண்டும். அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி இன்ஜினே போய்விடும். இதற்கு முந்தைய எஃப்355-இல் இந்த பெல்ட்டை மாற்ற இன்ஜினையே கீழே இறக்க வேண்டும். 360-இல் இருக்கைக்குப் பின்னால் ஒரு மூடி வைத்துப் புண்ணியம் கட்டிக்கொண்டார்கள். அடுத்து வந்த எஃப்430-இல் பெல்ட்டே இல்லை, சங்கிலி. பழைய ஃபெராரி தேடுகிறவர்கள் எஃப்430-ஐச் சுற்றி வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கிளட்ச் இன்னொரு கதை. ஸ்டியரிங்குக்குப் பின்னால் இரண்டு துடுப்பு வைத்த எஃப்1 கியர்பாக்ஸைப் பார்த்து ஆட்டோ என்று நினைத்துவிடக் கூடாது. உள்ளே இருப்பது சாதாரண மேனுவல் கியர்தான். காலுக்குப் பதில் கம்ப்யூட்டர் கிளட்ச்சை அமுக்குகிறது. கல்லார்டோவின் இ-கியரும் இதே ஜாதி. சாயங்காலம் ஆறு மணிக்கு ஃபெடரல் நெடுஞ்சாலையில் ஓர் அடி நகர்ந்து, நின்று, மறுபடி ஓர் அடி நகரும்போது அந்த கிளட்ச் தேய்ந்துகொண்டே இருக்கும். பேரங்காடியின் அடித்தளக் கார் நிறுத்துமிடத்தில் ஏற்றத்தில் ரிவர்ஸ் எடுத்தால் இன்னும் வேகமாகத் தேயும். எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதைப் பட்டறையில் கம்ப்யூட்டரைச் செருகிப் பார்த்துவிடலாம். விற்பவர் அந்தச் சோதனைக்குச் சம்மதிக்கவில்லை என்றால் அதுவே பதில்.

நம் வெயிலும் ஈரமும் தங்கள் பங்குக்கு விளையாடும். அந்தக் கால ஃபெராரிகளின் பொத்தான்களில் பூசிய மெல்லிய ரப்பர் பூச்சு உருகிப் பிசுபிசுக்கும். டேஷ்போர்டின் தோல் சுருங்கி ஓரம் தூக்கும். நிறுத்தியே வைத்தால் பேட்டரி செத்துவிடும். அதற்கு எப்போதும் சார்ஜர் மாட்டி வைக்க வேண்டும் என்பார்கள், ஆனால் எந்தக் கொண்டோமினியத்தின் கார் நிறுத்துமிடத்தில் நமக்குப் பிளக் பாயிண்ட் கொடுக்கிறார்கள்? "இருபது வருஷத்தில் 25,000 கிலோமீட்டர்தான் ஓடியது" என்ற விளம்பரத்தைப் பார்த்து மயங்கக் கூடாது. ஓடாத காரில் ரப்பரும் சீலும் காய்ந்து போகும். ஒழுங்காக ஓடி, ஒழுங்காக சர்வீஸ் செய்த 60,000 கிலோமீட்டர் காரே மேல் என்பேன்.

காப்புறுதியில் பலர் கவனிக்காத ஓர் இடம் உண்டு. விபத்தில் அடிபட்ட பழைய பாகத்துக்குப் பதில் புதுப் பாகம் போட்டால், உங்கள் கார் முன்பைவிட மேம்பட்டுவிட்டது என்று கணக்கு. அந்த மேம்பாட்டுக்கு நீங்கள் ஒரு பங்கு கொடுக்க வேண்டும். ஐந்து வயசுக் காருக்கு 15 விழுக்காட்டில் தொடங்கி, பத்து வயசுக்கு மேல் 40 விழுக்காடு வரை. மைவியின் பம்பரில் 40 விழுக்காடு என்றால் மாமாக் கடையில் புலம்பிவிட்டுப் போய்விடலாம். ஃபெராரியின் முன் விளக்கு ஒன்றில் 40 விழுக்காடு என்றால்? இந்தப் பங்கைத் தவிர்க்கக் கூடுதல் பிரீமியம் கட்டும் வசதி இருக்கிறது. இருபது வயசுக் காருக்கும் அது கிடைக்குமா என்று காரை வாங்கும் முன்பே கேட்க வேண்டும். வெள்ளத்துக்கும் தனியாகச் சேர்க்க வேண்டும். 2021 டிசம்பரில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் கார்கள் கூரை வரை மூழ்கியதைப் பார்த்த நாம் அதை மறக்கக் கூடாது. அதுவும் தரையோடு உட்கார்ந்திருக்கும் காருக்கு.

தம்பியிடம் இன்னொரு திட்டமும் இருந்தது. "சனி ஞாயிறு கல்யாணத்துக்கு வாடகைக்கு விடலாம் அண்ணே. மாப்பிள்ள காடி. ஃபெராரின்னா நல்லாக் குடுப்பாங்க." கொடுப்பார்கள்தான். நம் கல்யாணங்களில் மண்டப வாசலுக்கு உறுமிக்கொண்டு வரும் கார்களை நாமும் பார்க்கிறோம். ஆனால் தனியார் உபயோகத்துக்கு எடுத்த காப்புறுதி வாடகை ஓட்டத்துக்குச் செல்லாது. கோயில் வளைவில் ஒரு மோட்டார் சைக்கிள் உரசினால் முழுச் செலவும் கைக்காசு. பாதி வழியில் கிளட்ச் சூடேறி நின்றுவிட்டால், மாப்பிள்ளையை இறக்கித் தள்ளச் சொல்லவும் முடியாது.

வரியும் காப்புறுதியும் கட்டாமல் ஓட்டிவிடலாம் என்கிறவர்களும் உண்டு. 2025-இல் ஜேபிஜே சொகுசுக் கார்களுக்கென்றே தனி நடவடிக்கை எடுத்து, சாலை வரி இல்லாத ஃபெராரி, லம்போர்கினி எல்லாவற்றையும் பறிமுதல் செய்தது. காரை வாங்கத் தெரிந்தவர்களுக்கு வைத்திருக்கத் தெரியவில்லை என்பது அதில் அம்பலமானது.

2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் அஜித்தின் குழு போர்ஷ் 992 பிரிவில் மூன்றாவதாக வந்த பிறகு, எனக்கு வரும் கார் கேள்விகள் கூடிவிட்டன. எல்லாரும் அவர் ஓட்டியதைப் பார்க்கிறார்கள். பிட்டில் காத்திருந்த மெக்கானிக்குகளை எத்தனை பேர் பார்த்தார்கள்? நீங்கள் வாங்கப்போகும் காருக்கு அந்தக் குழு நீங்கள்தான். அல்லது உங்கள் வங்கிக் கணக்கு.

அதனால் தம்பியிடம் நான் சொன்னது இவ்வளவுதான். கார் விலையில் மூன்றில் ஒரு பங்கு கையில் தனியாக, தொடாமல் இருந்தால் வாங்கு. அது எந்த நிபுணரும் சொன்ன விதி அல்ல, பில்களைப் பார்த்து நானே வைத்துக்கொண்ட அளவு. வீட்டு முன்பணம் அதில் சேராது. அந்தப் பணத்தில் அவன் மட்டும் இல்லை, அப்பாவின் காலும் இருக்கிறது.

கிராண்டில் தயாரிப்பு ஆண்டையும் பதிவு ஆண்டையும் தனித்தனியாகப் பார்க்கச் சொன்னேன். 2009 மாடல் என்று விற்கப்படுவது 2005-இல் தயாரித்து 2009-இல் இங்கே பதிவானதாக இருக்கலாம். சேசிஸ் எண் கிராண்டோடு பொருந்துகிறதா, சுங்க வரி கட்டிய ஆவணம் இருக்கிறதா என்றும். பெயர் மாற்றத்துக்கு முன் நடக்கும் பரிசோதனையில் தேறிவிட்டது என்பதை நம்பி நிம்மதியாகிவிடக் கூடாது; அங்கே பிரேக்கும் விளக்கும் எண்களும் பார்ப்பார்கள், டைமிங் பெல்ட்டின் வயசைப் பார்க்க மாட்டார்கள்.

ஆசை அடங்கவில்லை என்றால் வேறு வழியும் இருக்கிறது. 1990 முதல் 2005 வரை வந்த ஹோண்டா என்எஸ்எக்ஸ். அதன் முதல் இன்ஜின் 2,977 சிசி. 3,000-க்குக் கீழே நின்றுவிட்டதால் வரி 2,072 வெள்ளி 50 காசு. ஆனால் அதன் அருமை உலகத்துக்கே தெரிந்துவிட்டது, விலை ஏறிவிட்டது. என் கட்சி லோட்டஸ் எலீஸ். 1996-இல் நம் புரோட்டோன் லோட்டஸை வாங்கியது நினைவிருக்கும். இருபது வருஷத்துக்கு மேல் அது நம் வீட்டுக் கம்பெனி. பிந்தைய எலீஸ்களில் இருப்பது டொயோட்டாவின் 1.8 இன்ஜின். 1,796 சிசிக்குச் சாலை வரி 278 வெள்ளி 40 காசு. எடை மைவியைவிடக் குறைவு. இது சூப்பர்காரே அல்ல என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். வரட்டும். காலையில் காராக் நெடுஞ்சாலை வளைவில் ஒரு முறை உட்கார்ந்து பார்த்துவிட்டு வரட்டும். ஏறி இறங்க மட்டும் கொஞ்சம் யோகாசனம் பழக வேண்டும். அப்பாவைக் கோயிலுக்கு அழைத்துப் போக அது உதவாது.

போன வாரம் தம்பி வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தான். 360-ஐ விற்பவரிடம் டைமிங் பெல்ட் மாற்றிய ரசீதைக் கேட்டானாம். மூன்று நாளாகப் பதில் இல்லை. அப்பாவிடம் இன்னும் பேசவில்லை, ஆனால் பேசப்போகிறானாம்.