சம்பளம் மூளைக்கான கிரயமல்ல

"சம்பளம் கொடுக்கிறோம், ஆகவே இரவில் உன் வீட்டில் உட்கார்ந்து நீ எழுதும் புரோகிராமும் கம்பெனிக்கே சொந்தம்." ஐடி நிறுவனங்களின் எச்ஆர் மேலாளர்கள் கூசாமல் சொல்லும் இந்த வாதம் அப்பட்டமான அபகரிப்பு.

1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவைத் துணைக்கு அழைக்கிறார்கள். அது வேலையின் போக்கில் உருவான படைப்புக்கு மட்டுமே முதலாளியை முதல் உரிமையாளர் ஆக்குகிறது. அந்த நிபந்தனையை விழுங்கிவிட்டு மிச்சத்தை மட்டும் ஒப்பிக்கிறார்கள். வங்கி மென்பொருளைச் சோதிக்கும் ஒரு பெண், ஞாயிற்றுக்கிழமை தன் சொந்த லேப்டாப்பில் பாட்டு கற்கும் குழந்தைகளுக்காக ஓர் ஆப் செய்கிறாள். அதில் கம்பெனிக்கு என்ன பாத்தியதை?

"கையெழுத்துப் போட்டாயே" என்பது அடுத்த அஸ்திரம். எப்போது போட்டாள்? பழைய வேலையை விட்டாயிற்று, வீட்டுக் கடன் தவணை நெருங்குகிறது. ஒரு வரியை மாற்றக் கேட்டாலும் வேலை கைநழுவிப் போகலாம். அந்த நிலையில் வாங்கிய கையெழுத்தை மனமொப்பிய சம்மதம் என்று காட்டுவது அயோக்கியத்தனம். வருங்காலப் படைப்பை எழுதிக்கொடுக்கச் சட்டம் இடம் தருகிறது, உண்மைதான். ஆனால் எந்தப் படைப்பு, எந்த உரிமை, எத்தனை காலம், எந்த எல்லைக்குள் என்று குறிப்பிட வேண்டும் என்கிறது 19ஆம் பிரிவு. காலத்தைச் சொல்லாவிட்டால் ஐந்தாண்டு, எல்லையைச் சொல்லாவிட்டால் இந்தியா மட்டும். "நீ செய்வதெல்லாம்" என்று வாரிச் சுருட்டும் ஒற்றை வரியை வைத்துக்கொண்டு எந்தத் தைரியத்தில் மிரட்டுகிறார்கள்?

இதை விட்டுக்கொடுத்தால் தொழிலே படுத்துவிடுமாம். கலிபோர்னியாவின் தொழிலாளர் சட்டம் 2870ஆம் பிரிவு, சொந்த நேரத்தில், முதலாளியின் கருவியோ ரகசியமோ தொடாமல், அவருடைய தொழிலுக்கும் ஆய்வுக்கும் தான் பார்த்த வேலைக்கும் தொடர்பில்லாமல் ஊழியர் கண்டுபிடித்ததை ஒப்பந்தத்தால் பறிக்க முடியாது என்கிறது. 1979இல் இயற்றியது. சிலிக்கான் வேலி படுத்துவிட்டதா? அந்தச் சட்டத்துக்கு முன்பே, ஸ்டீவ் வோஸ்னியாக் ஹெச்பியில் வேலை பார்த்தபடியேதான் ஆப்பிளின் முதல் கணினியை வடிவமைத்தார். ஹெச்பி வேண்டாமென்றது; அவர் கையில் அது ஆப்பிள் ஆயிற்று.

கம்பெனி லேப்டாப்பில், கம்பெனி புரோகிராமை எடுத்துச் செய்தால் கம்பெனி கேட்பது நியாயம். அதனால்தான் சொந்தக் கணினியும் தனிக் கணக்கும் அவசியம். ஏற்கெனவே செய்துவைத்தவற்றின் பட்டியலைச் சேரும் நாளிலேயே எழுதிக் கொடுத்து ஒப்புதல் வாங்க வேண்டும்.

"நேர்மையானவர் ஏன் பயப்பட வேண்டும்?" என்று கேட்கும் மேலாளர்களே, வேலைக்குத் தொடர்பில்லாத சொந்தப் படைப்பில் கம்பெனிக்கு உரிமையில்லை என்று அடுத்த ஆஃபர் லெட்டரில் நீங்களே எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்.