மணிமேகலையை ஏன் விட்டீங்க மணி சார்?

‘பொன்னியின் செல்வன்’ இரண்டு படத்தையும் முதல் நாளே பார்த்தவன் நான். 5 பாக நாவலை 2 படத்துக்குள் அடக்கணும்னா வெட்டித்தான் ஆகணும், ஒத்துக்கறேன். சேந்தன் அமுதனை ஓரங்கட்டி, மதுராந்தகனுக்கே முடிசூட்டியதைக்கூட மன்னிச்சுடலாம். ஆனா, கடம்பூர் மணிமேகலை? 2023-ல் வந்த இரண்டாம் பாகத்திலும் ஆளே இல்லை. வந்தியத்தேவன் மேல பழி விழக் கூடாதுன்னு, கரிகாலனைக் கொன்னது நான்தான்னு சொன்ன பொண்ணு அவள். கல்கி நாவலை முடித்ததே அவள் சாவில்தான், பட்டாபிஷேகத்தில் இல்லை. படத்தில் குந்தவை - வந்தியத்தேவன் காதல் அழகுதான். ஆனா, அந்தப் பக்கம் ஒருத்தி அவனுக்காக உருகிச் செத்தது இல்லாததால, எனக்கு அது பாதிக் கதையாத்தான் தெரிஞ்சுது. படம் மட்டும் பார்த்த நண்பன்கிட்ட சொன்னா, “யாருடா அது?”ங்கறான். 5-ம் பாகத்தோட கடைசி அத்தியாயத்தை மட்டுமாவது படிடான்னு புத்தகத்தைக் கொடுத்திருக்கேன்.