பழுதான எஞ்சினும் பழுதாகா நெஞ்சும்

இலக்கியத்துக்கென ஒதுக்கப்பட்ட இப்பக்கத்திலே பழைய காரின் எஞ்சினைப்பற்றி ஒரு தமிழ்ப் பண்டிதன் எழுதப் புகுவது சிலருக்கு நகைப்பை விளைத்தல் கூடும். எஞ்சினைக் கழற்றிப் பூட்டும் தொழிலை நான் கற்றவனல்லேன். எனினும், கைப்பொருள் பழுதுற்றபோது அதனை என்செய்வது என ஆராய்ந்து துணியும் வகை நம் முன்னோர் நன்கு ஆராய்ந்த ஒன்று. அந்த ஆராய்ச்சி வகுப்பறையிலே மனனஞ்செய்து பரீட்சையிலே ஒப்புவித்து மறத்தற்குரியது அன்று. தெருவிலே கார் நின்றுவிட்டபோதும் அது பயன்படல் வேண்டும்.

என்னோடு பல்லாண்டு ஆசிரியத் தொழில் புரிந்த நண்பர் ஒருவர் எட்டு மாதங்களுக்கு முன்னர் ஒரு பழைய காரை வாங்கினார். சேமித்த பணத்தோடு வங்கிக் கடனையும் சேர்த்தே வாங்கினார். ஆடம்பரங் கருதியன்று, நோயுற்ற மனைவியாரைக் கிழமைதோறும் வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லுதற் பொருட்டே வாங்கினார். அண்மையில் ஒருநாள் வவுனியாவிலிருந்து தனியே யாழ்ப்பாணம் திரும்புகையில், ஆனையிறவை அணுகும்பொழுது, வெப்பங் காட்டும் முள் செங்கோட்டைத் தாண்டி நின்றது. பொனற்றின் இடுக்கால் வெண்ணிற ஆவி எழுந்தது. அவர் நிறுத்தவில்லை. "இன்னும் கொஞ்சத் தூரந்தானே" என்று எண்ணி ஓட்டினார். பளையைக் கடக்குமுன் எஞ்சின் நின்றது. பின்னர் அது இயங்கவேயில்லை.

கராச்சிலே கழற்றிப் பார்த்தபோது, எஞ்சினின் தலைப்பகுதி வெப்பத்தால் வளைந்திருந்தது. சிலிண்டர்ச் சுவர்களிலே ஆழமான கீறல்கள் காணப்பட்டன. அம்மட்டோ? தலைப்பகுதியிலே முன்னரே ஒரு வெடிப்பு உண்டாகி, அது பசையிட்டு அடைக்கப்பட்டிருந்தமையும் வெளிப்பட்டது. விற்றவர் அறிந்தே மறைத்திருத்தல் வேண்டும் என்பது மெக்கானிக்கின் முடிவு.

உடனே அறிவுரைகள் குவிந்தன. "இவ்வளவு காசைக் கொட்டிப் போட்டு இப்ப விடலாமோ? முழுதாகத் திருத்துங்கோ" என்றார் ஒருவர். "யப்பான் எஞ்சின் ஒன்றை வாங்கிப் பூட்டுங்கோ" என்றார் இன்னொருவர். மூன்றாமவர் குரலைத் தாழ்த்தி, "சும்மா ஓடக்கூடியதாகக் கொஞ்சம் சரிப்படுத்தி, வேறு ஆருக்கும் தள்ளிவிடுங்கோ, உங்களுக்கும் அப்படித்தானே செய்தவங்கள்" என்றார். நண்பர் என்னிடம் வந்து, "பண்டிதர், நீங்கள் என்ன சொல்லுறியள்?" என்று கேட்டார். அன்று அவருக்கு நான் கூறியதையே விரித்து இங்கே எழுதுகின்றேன்.

முதற்கண், பழுது யாது என்பதைத் தெளிதல் வேண்டும். "எஞ்சின் போய்விட்டது" என்பது பழுதின் பெயரன்று. நம் அச்சத்தின் பெயர். நோய் இன்னதென அறிந்து, அதன் காரணத்தையும் அறிந்து, அதன்பின் மருந்து செய்க என்பது வள்ளுவர் நெறி. எஞ்சினுக்கும் அவ்விதியே. புகை நீலநிறமாயின் எண்ணெய் எரிகின்றது என்பது பொருள். வெண்ணிற ஆவி இடையறாது வெளிப்பட்டு, ரேடியேற்றர் நீரும் குறைந்துகொண்டே வருமாயின், குளிர்நீர் எஞ்சினுள்ளே புகுகின்றது என ஐயுறல் வேண்டும். எண்ணெய் மூடியின் அடியிலே பாலாடை போன்ற கலவை படிந்திருப்பின் அவ்வையம் வலுப்படும். அடியிலிருந்து சம்மட்டி கொண்டு தட்டுவதுபோன்ற ஓசை கேட்குமாயின் பேரிங்குகளை நோக்குதல் வேண்டும்.

இவற்றுக்கும் மேலாக, ஒவ்வொரு சிலிண்டரின் அமுக்கத்தையும் கருவி கொண்டு அளந்து பார்க்கும் சோதனை ஒன்று உண்டு. அமுக்கம் குறைந்த சிலிண்டரிலே சிறிது எண்ணெய் விட்டு மீண்டும் அளக்கும்போது அமுக்கம் உயருமாயின், தேய்ந்தவை பிஸ்ரன் வளையங்கள் அல்லது சிலிண்டர்ச் சுவர் எனக் கொள்ளலாம். உயராதாயின் குறை வால்விலோ காஸ்கெற்றிலோ இருத்தல் கூடும். எஞ்சினைக் கழற்றுமுன்னரே செய்யக்கூடிய இச்சோதனைக்கு ஆகும் செலவு சிறிது. அதனைச் செய்யாது பெருஞ்செலவிலே இறங்குதல், நாடி பாராது சத்திரசிகிச்சை செய்வதை ஒக்கும்.

இரண்டாவதாகக் கணக்கு. திருக்குறளின் 47 ஆம் அதிகாரமாகிய தெரிந்துசெயல்வகை, ஒரு செயலிலே அழிவது எவ்வளவு, ஆவது எவ்வளவு, அதன்பின் வரும் ஊதியம் எவ்வளவு என எண்ணிச் செய்க எனத் தொடங்குகின்றது. பின்வரும் ஊதியத்தை நச்சிக் கையிலுள்ள முதலையும் இழக்கும் செயலை அறிவுடையார் மேற்கொள்ளார் என்றும் அவ்வதிகாரமே கூறுகின்றது. இவற்றிலே முன்னர்ச் செலவழிந்த பணத்துக்கு இடமில்லாமையை வாசகர் நோக்குக. போனது போயிற்று. எண்ணற்குரியது இனி அழிவதும் இனி ஆவதுமே.

ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவேன். நின்றுபோன கார் உள்ளபடியே விற்றால் 15 இலட்சம் ரூபாய் பெறும் எனவும், திருத்தி ஓடும் நிலையில் 22 இலட்சம் பெறும் எனவும் கொள்வோம். திருத்தச் செலவு 5 இலட்சமாயின், திருத்துவதால் 2 இலட்சம் மிஞ்சும். அச்செலவு 9 இலட்சமாயின் 2 இலட்சம் நட்டமாகும். சென்ற ஆண்டிலே புதிய ரயருக்கும் வர்ணப்பூச்சுக்கும் 3 இலட்சம் செலவிட்டிருப்பினும், அத்தொகை இவ்விரு கணக்கிலும் வருவதில்லை. ஆயினும் நம்மவருட் பலர் அந்த 3 இலட்சத்தை மீட்கப் போய்ப் பின்னும் 9 இலட்சத்தைக் கொட்டுகின்றனர். இதனைப் பற்று என்போமோ, மானம் என்போமோ? எப்பெயரிடினும் அறிவு என்னல் ஆகாது.

திருத்தச் செலவு காரின் விலையிலே பாதியைத் தாண்டுமாயின் அதனைக் கைவிடுக என்னும் பொதுவிதி ஒன்று பிறநாட்டவரிடையே வழங்குகின்றது. கார் மலிந்த நாட்டுக்கு அது பொருந்தும். இலங்கையிலே கார் இறக்குமதி 2020 ஆம் ஆண்டு மார்ச் மாதம் நிறுத்தப்பட்டு, 2025 ஆம் ஆண்டு பெப்ரவரியிலேதான் மீளத் திறக்கப்பட்டது. அவ்விடைக்காலத்திலே பழைய கார்களின் விலை மிக உயர்ந்தது. இறக்குமதி வரியும் இங்கே சிறிதன்று. ஆதலின், எஞ்சின் பழுதுற்றபோதும் காரின் கூடு இங்கே விலை பெறுகின்றது. இரவல் விதியைக் கண்மூடிக் கொள்ளாது, தன் ஊர் விலையை விசாரித்தறிந்து தானே கணக்கிடுதல் வேண்டும்.

இவ்விடத்திலே யாழ்ப்பாணத்து வாசகர் ஒரு தடை எழுப்பக்கூடும். "1990 ஆம் ஆண்டை அடுத்த பொருளாதாரத் தடைக்காலத்திலே, சில துளி பெற்றோலால் எஞ்சினை இயக்கிவிட்டு, மண்ணெண்ணெயாலே மொறிஸ் மைனரையும் ஒஸ்ரினையும் ஓட்டியவர்களல்லமோ நாம்? நாம் திருத்தாத எஞ்சினும் உண்டோ?" என்பர். அக்கால மெக்கானிக்குகளின் அறிவுத்திறத்தை நானும் வியந்து போற்றுகின்றேன். ஆயின், அவை எளிய அமைப்பும் குறைந்த அமுக்கமும் உடைய எஞ்சின்கள். ஆதலினாலேதான் மண்ணெண்ணெயையும் ஒருவாறு ஏற்றன. இக்காலத்து எஞ்சினோ நுண்ணிய அளவுகளும் மின்னணுக் கட்டுப்பாடும் உடையது. வேறு வழியின்மையால் அன்று செய்ததை, வழியுள்ள இன்றும் செய்யவேண்டும் என்பது வீரமாகாது.

திருத்துவதெனத் துணிந்தால் வழிகள் மூன்று. பழுதான உறுப்பை மாத்திரம் மாற்றுதல் ஒன்று. காஸ்கெற் ஒன்றே கெட்டு, தலைப்பகுதி வளையாதிருப்பின் அஃது அமையும். எஞ்சினை முழுதாகக் கழற்றி, சிலிண்டரைக் கடைந்து, பெரிய அளவுப் பிஸ்ரனிட்டுப் புதுக்குதல் மற்றொன்று. கைதேர்ந்த கடைசற்காரரும் தரமான உறுப்புகளும் கிடைக்குமிடத்தே அது நெடுநாள் நிற்கும். மூன்றாவது, யப்பானிலிருந்து வந்த பழைய எஞ்சினைப் பூட்டுதல். அந்நாட்டிலே புதிய கார் ஒன்று மூன்றாம் ஆண்டிலும், அதன்பின் ஈராண்டுக்கொருமுறையும் கட்டாய சோதனைக்கு உட்படும். அச்செலவை வேண்டாதார் நன்றாக ஓடும் காரையும் கழித்துவிடுவதுண்டு. கொழும்புப் பஞ்சிகாவத்தையிலே விற்கப்படும் பழைய எஞ்சின்களில் நல்லன இருத்தற்கு அதுவும் ஒரு காரணம். ஆயினும் எல்லாம் நல்லன அல்ல. பூட்டுமுன் அமுக்கச் சோதனை செய்வித்தலும், உத்தரவாதத்தை எழுத்திலே பெறுதலும், எஞ்சின் வந்த வழிக்குரிய பத்திரங்களைக் கேட்டு வாங்குதலும், புதிய எஞ்சின் இலக்கத்தை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திலே பதிவித்தலும் இன்றியமையாதன.

எஞ்சினை மாற்றினால் அது பழைய காராகுமோ என வருந்துவாரும் உளர். 1948 ஆம் ஆண்டிலே வெளிவந்த மொறிஸ் மைனர், 918 கன சென்ரிமீற்றர் எஞ்சினோடு தொடங்கி, பின்னர் 803, 948, 1098 என நான்கு எஞ்சின்களைக் கண்டது. பெயர் மாறவில்லை, அதன்மேல் மக்கள் வைத்த அன்பும் குறையவில்லை. பழமை கழிதலையும் புதுமை புகுதலையும் நன்னூலார் வழுவெனக் கொள்ளாமை இங்கே நினைத்தற்குரியது.

மூன்றாவதாக, எவரை நம்புவது? 51 ஆம் அதிகாரமாகிய தெரிந்துதெளிதல் அரசன் அமைச்சரைத் தேர்தற்குக் கூறிய முறை, நாம் மெக்கானிக்கைத் தேர்தற்கும் அமையும். ஆராயாது ஒருவரை நம்புவதும், ஆராய்ந்து நம்பியபின் ஐயுறுவதும் ஆகிய இரண்டும் துன்பந் தரும் என்கின்றது அது. ஆதலின், இருவரிடம் காட்டிக் கருத்துக் கேட்டல், செலவை எழுதி வாங்குதல், கழற்றிய உறுப்பைக் கண்ணாற் பார்த்தல் ஆகியவற்றை முன்னர்ச் செய்க. ஒருவரிடம் ஒப்புவித்தபின் நாள்தோறும் கராச் வாசலிலே நின்று அவரை நச்சரித்தல் தகாது.

இனி, குரலைத் தாழ்த்திச் சொல்லப்பட்ட அந்த நான்காம் வழிக்கு வருவோம். தடித்த எண்ணெயை ஊற்றி ஓசையை அடக்கி, பசையிட்டு வெடிப்பை மூடி, அறியாதவன் தலையிலே கட்டிவிடுதல் இன்று "கெட்டித்தனம்" எனப் பெயர் பெறுகின்றது. வாங்குபவன் தானே பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது அதற்குக் கூறும் நியாயம். பார்த்தாற் புலப்படும் குறைக்கு அந்நியாயம் பொருந்தலாம். பார்வைக்குப் புலப்படாதிருக்கவேண்டும் என்றே மூடிய குறைக்கு அஃது எங்ஙனம் பொருந்தும்?

"என்னை ஏமாற்றினார்கள், நான் ஏன் நட்டப்படவேண்டும்?" என்ற என் நண்பரின் வினாவிலே நியாயம் இல்லாமலில்லை. அவர் விற்றவரிடம் வழக்காடலாம், அஃது அவருரிமை. ஆயின், அந்நட்டத்தை வழக்கோடு தொடர்பில்லாத மூன்றாமவன்மேல் ஏற்றுதற்கு உரிமை எங்கிருந்து வந்தது? கைமாறிக் கைமாறிச் செல்லும் நட்டம், அதனை மேலும் தள்ளத் தெரியாதவன் கையிலேயே முடிவில் நிற்கும். அவன் பெரும்பாலும் எளியவன். ஒருநாள் இரவு, காய்ச்சலுற்ற குழந்தையோடு அதே பளை வீதியிலே அவன் நிற்பான். முள் செங்கோட்டைத் தாண்டியபின்னும் ஓட்டியதிலே தம் பிழையும் ஒரு பங்கு உண்டென்பதை நண்பர் ஒப்புக்கொண்டார். அப்பங்கையும் சேர்த்தன்றோ அந்த எளியவன் தலையிலே வைக்கவிருந்தார்?

மேலும், மெய்யைச் சொன்னால் கார் விலைபோகாது என்பதும் முழு உண்மையன்று. பழுதான காருக்குத் தகுந்த கொள்வோன் தொழிலறிந்தவனே. நமக்கு 9 இலட்சம் ஆகும் வேலையைத் தன் கையால் அவன் குறைந்த செலவிற் செய்வான். அவனிடம் குறையை விரித்துச் சொல்வதால் நாம் பெரிதும் இழப்பதில்லை. எப்படியும் அவன் அதனைக் கண்டுபிடிப்பான்.

என் நண்பர் இருவரிடம் காட்டினார், கணக்கிட்டார். திருத்தச் செலவு மிஞ்சியது. கிழமைக்கொருமுறை வைத்தியசாலைக்குச் செல்ல முச்சக்கரவண்டிக் கூலி எவ்வளவு என்பதையும் எழுதிப் பார்த்தார். அவருக்கு வேண்டியது பயணமேயன்றிக் கார் அன்று என்பது அத்தாளிலே தெரிந்தது. குறைகளை ஒவ்வொன்றாக எழுதி, அத்தாளிலே வாங்குபவரின் கையொப்பமும் பெற்று, காரை ஒரு மெக்கானிக்குக்கே விற்றார். வங்கிக் கடனிலே ஒரு பகுதி இன்னும் எஞ்சியுள்ளது. அதனை மாதந்தோறும் சம்பளத்திலிருந்து கட்டி வருகின்றார்.

அவருக்கு நட்டம் நேர்ந்தது மெய். ஆயின், அந்நட்டம் அவரோடு நின்றது.